பரங்கிப்பேட்டையைக் காத்த வெங்காயப் பட்டறை

பரங்கிப்பேட்டைத் துறைமுகத்தைத் தன்னுடைய வெங்காயப் பட்டறைதான் முந்நூறு ஆண்டுகளாகக் காத்து நின்றது என்ற செய்தி, ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தர்மனுக்குத் தெரிவிக்கப்பட்டது. அதுவரை அவனுக்கு அது தெரியாது. தெரியாமல் போனதற்கு நியாயமான காரணமும் இருந்தது. அந்தப் பட்டறையை அவன் கட்டி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது.

பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்கள், அறுத்ததைச் சேமிக்க வயலோரம் ஒரு பட்டறை வைத்திருப்பார்கள். காற்று உள்ளே போய் வெளியே வர வேண்டும், மழை மட்டும் உள்ளே வரக் கூடாது. அவ்வளவுதான் பட்டறையின் இலக்கணம். மூங்கிலும் கீற்றும் போதும். தர்மனும் முதலில் அப்படித்தான் கட்டியிருந்தான். ஒரு வருஷத்துச் சூறைக்காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய் வெள்ளாற்று மணலில் போட்டது. அந்தக் கோபத்தில், ஆலத்தியூர்ப் பக்கம் ஆகாது என்று ஒதுக்கிப் போட்டிருந்த சுண்ணாம்புக் கல்லை மூன்று டிராக்டர் லோடு அடித்து வந்து, ஆறு வளைகிற மேட்டில், நல்ல காற்று வீசுகிற இடமாகப் பார்த்துக் கல்லிலேயே கட்டிவிட்டான். கட்டியவர் கொத்தனார் நல்லதம்பி. முழங்கால் உயரத்தில் ஒரு வரிசை, மார்பு உயரத்தில் ஒரு வரிசை என்று சுவரெங்கும் துளை. சாரல் ஏறாமலிருக்க ஒவ்வொரு துளையும் வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். ஊர்க்காரர்கள் "பட்டறையா, ஜெயிலாடா?" என்று கேலி செய்தார்கள். கோட்டையா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊர்க்காரர்களுக்கு வரலாற்று உணர்வு குறைவு.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் நதிக்கரைக் கோட்டைகள் கண்டறிதல் மற்றும் காத்தல் இயக்ககத்தின் இயக்குநர், முனைவர் பழனிவேல், ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே தமிழ்மொழி என்ற உதவியாளர். பூலாம்பாடிப் பெண், கையில் ஒரு நோட்டு. இயக்குநர் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வது அவள் வேலை.

இயக்குநர் சுவரைச் சுற்றி மூன்று முறை நடந்தார். ஒரு துளைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, இல்லாத துப்பாக்கியை அதில் நுழைத்து, தண்ணீரில்லாத ஆற்றில் வராத படகு ஒன்றைச் சுட்டார்.

"சரியாகப் பொருந்துகிறது," என்றார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு தர்மனிடம் கேட்டார்: "இது யாருடைய பாதுகாப்பில் இருக்கிறது?"

"என்னோடதுதாங்க. சாவி என் சம்சாரத்துக்கிட்ட இருக்கு."

"எழுதிக்கொள்ளம்மா. கோட்டையின் திறவுகோல் பெண் காவலர் வசம்."

பெண் காவலரான மலர்க்கொடி அப்போது களைக்கொட்டோடு வயலில் இருந்தாள். விஷயம் கேட்டு வரப்பேறி வந்தாள். இயக்குநர் ஒரு கண்ணாடித் தாள் உறைக்குள்ளிருந்து பழைய கடிதம் ஒன்றின் நகலை எடுத்தார். பரங்கிப்பேட்டையில் இருந்த ஒல்லாந்துக் கணக்கப்பிள்ளை, அதாவது டச்சுக்காரன் ஒருவன், தன் ஊருக்கு எழுதியது என்றார். கண்களை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார்:

"'ஆற்றோடு மேற்கே நான்கு நாள் போனோம். தென்கரையில், ஆறு வளையுமிடத்தில், சுவரெங்கும் துளைகளுள்ள ஒரு கட்டடம் கண்டோம். உள்ளே சென்ற நம் வீரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கண்ணீர் விட்டனர்.' எதற்கு அழுதார்கள் என்று பதினோரு ஆண்டுகள் ஆராய்ந்தேன். தாய்நாட்டை நினைத்து அழுதிருக்கிறார்கள்."

"வெங்காய நெடிக்கு அழுதிருப்பானுங்க," என்றாள் மலர்க்கொடி. "அன்னைக்கும் எவளோ ஒருத்தி இங்க பட்டறதான் வச்சிருந்திருப்பா. அதப் பாத்துட்டு அவனும் கோட்டைன்னு நெனச்சிருக்கான்."

இயக்குநர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துச் சிரித்தார். கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போனார். இரண்டு நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது அவர் கண்களிலிருந்து தாரைதாரையாகக் கண்ணீர் வழிந்தது.

"பார்த்தாயா தமிழ்மொழி," என்று தழுதழுத்தார். "இந்த இடம் இன்னும் பேசுகிறது."

தர்மனுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெரிய மனிதர் அழுகிற நேரத்தில் கேட்கலாமா என்று தயங்கித்தான் கேட்டான். "சார், பரங்கிப்பேட்ட இங்கேருந்து நூறு கிலோமீட்டராவது இருக்கும்ங்க. எதிரி கடல் வழியாத்தான வருவான்? இங்க இருந்துக்கிட்டு எப்படி சார் அந்த ஊர காப்பாத்த முடியும்?"

"அங்கேதான் போர்த்தந்திரம் இருக்கிறது. எதிரி துறைமுகத்தைப் பிடிப்பான். கிடங்குகளைக் கொளுத்துவான். ஊரைச் சூறையாடுவான். எல்லாம் முடித்துக் களைத்துப்போய் ஆற்றோடு மேலே வருவான் அல்லவா? இங்கே வைத்து நாம் அவனைத் தடுப்போம்."

"அதுக்குள்ள ஊரு போயிருக்குமேங்க."

"ஊர் போகலாம். காவல் போகக் கூடாது," என்றார் இயக்குநர். அன்று மாலையே பட்டறைக்குச் சங்கிலி போட்டு, அரக்கு வைத்து, 'பாதுகாக்கப்பட்ட ஆற்றுக்கோட்டை எண் 41' என்று நீலப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள்.

உள்ளே முப்பது மூட்டை வெங்காயம் இருந்தது. விற்பதை எல்லாம் விற்றுவிட்டு விதைக்கென்று வைத்தது. மலர்க்கொடி ஒரு வாரம் உட்கார்ந்து, குறையில்லாத காயாக, ஒரே பருமனாக, கையால் பொறுக்கிச் சேர்த்தது. வைகாசி முடிவதற்குள் அதை எடுத்து நட்டாக வேண்டும். விட்டால் இந்த வருஷம் இரண்டு ஏக்கரும் தரிசு. அதுவரைக்கும் வாராவாரம் புரட்டிக் கொடுத்து அழுகலைப் பொறுக்கி எறிய வேண்டும், இல்லையென்றால் ஒரு அழுகல் ஒன்பதைக் கெடுக்கும். இதை இயக்குநரிடம் சொன்னபோது அவர் பரிவோடு கேட்டுவிட்டு, "காவற்படையின் உணவுக் கையிருப்பு, முப்பது மூட்டை, அகற்றலாகாது," என்று பதிவேட்டில் சேர்க்கச் சொன்னார்.

மறுநாள் தர்மன் பெரம்பலூர் டவுனில் இருந்த இயக்கக ஆபீசுக்குப் போனான். இது கோட்டை இல்லை என்று எழுதி வாங்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டான். உண்டு, அதற்கு 'கோட்டையின்மைச் சான்று' என்று பெயர் என்றார் குமாஸ்தா. இதுவரை யாரும் வாங்கியதில்லையாம். படிவத்தை எடுத்து அவரே நிரப்ப ஆரம்பித்தார்.

"ரெண்டு கட்டம்தாங்க இருக்கு. காப்போர், தாக்குவோர். நீங்க எந்தப் பக்கம்?"

"நான் வெங்காயம் எடுக்கணும்ங்க."

"கோட்டைக்குள்ள போகணுங்கிறீங்க."

"ஆமாங்க."

"காவல்ல இருக்கவங்க வேணாம்ங்கிறாங்க, நீங்க போயே தீரணுங்கிறீங்க. அப்ப தாக்குவோர்." டிக் அடித்தார். "எந்த நாடு?"

"லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்துல ஆத்துமேடுங்க."

"நாடு, ஆத்துமேடு. படை பலம்?"

"நானும் என் சம்சாரமும்தாங்க."

"ரெண்டு. குதிரை?"

"ஒரு மொபெட்டு இருக்குங்க. அதுவும் கெளம்ப மாட்டேங்குது."

"ஒரு குதிரை, நோயுற்றது," என்று எழுதி முத்திரை குத்தி, 'முற்றுகை மனு எண் 1' என்று ஒரு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். தர்மன் அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். காலையில் விவசாயியாகப் போனவன் மத்தியானம் அந்நியப் படையாகத் திரும்பி வந்தான்.

விசாரணை பட்டறை வாசலிலேயே நடந்தது. கட்டியவரே உயிரோடு இருக்கிறார், அவரே வந்து சொன்னால் விவகாரம் தீர்ந்தது என்று தர்மன் கொத்தனார் நல்லதம்பியைக் கூட்டி வந்திருந்தான். நல்லதம்பிக்கு அறுபத்தைந்து வயது. கக்கூஸ் தொட்டியும் காம்பவுண்டுச் சுவருமாகக் கட்டியே காலம் போய்விட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் எழுந்து வந்து தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்.

"நான்தாங்க கட்டினேன்," என்றார் நல்லதம்பி, பொன்னாடையின் சரிகையைத் தடவிக்கொண்டே. "ஆறு வருஷம் ஆச்சு. பதினெட்டு நாள் வேல."

"கட்ட உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"எங்கப்பாருங்க."

"அவருக்கு?"

"அவரோட அப்பாரு."

"அவருக்கு?"

நல்லதம்பி யோசித்தார். "அது தெரியலிங்களே."

"அங்கேதான் ஒல்லாந்தர் நிற்கிறார்," என்றார் இயக்குநர். "எழுதிக்கொள்ளம்மா. பரம்பரைக் கோட்டைச் சிற்பி, மூதாதையரின் கை நினைவிலிருந்து, அழிந்த கோட்டையை அதே இடத்தில் பதினெட்டே நாளில் மீட்டெடுத்தார்."

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். கக்கூஸ் தொட்டிக்கு யாரும் கை தட்டியதில்லை. அன்று சாயங்காலம் தர்மன் டீக்கடையில் அவரைப் பிடித்து, "ஏன் சித்தப்பா இப்படிப் பண்ணுன?" என்று கேட்டபோது, சித்திரை வெயிலிலும் பொன்னாடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் நல்லதம்பி.

"நான் பொய் சொல்லலடா தர்மா. மொதக் கல்லுல கைய வச்சப்பவே எனக்கு உடம்பு ஒரு மாதிரி இருந்துச்சு."

"அன்னைக்கு ஒனக்குக் காய்ச்ச சித்தப்பா. நான்தான மாத்தர வாங்கியாந்தேன்!"

"காய்ச்சன்னு அன்னைக்கு நெனச்சேன்," என்றார் நல்லதம்பி கனிவாக. டீயைக் குடித்துவிட்டுக் கோட்டைப் பக்கமாக நடையைக் கட்டினார்.

தர்மனுக்கு உதவிக்கு வந்தது சைபுல்லாதான். லப்பைக்குடிக்காட்டுக்காரன். பத்து வருஷம் துபாயில் லாரி ஓட்டிவிட்டு வந்து, இப்போது சொந்த டிராக்டர் வைத்திருக்கிறான். ஆலத்தியூரிலிருந்து அந்தக் கல்லை அடித்து வந்ததே அவன்தான். கல்லில் அங்கங்கே கிளிஞ்சல் பதிந்திருந்தது. 'சுவரில் கடற்கிளிஞ்சல்! துறைமுகத்தோடு இருந்த தொடர்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?' என்று இயக்குநர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தார்.

"அரியலூர்ப் பக்கம் எந்தக் கல்லப் பேத்தாலும் உள்ள கிளிஞ்ச இருக்கும்ணே," என்றான் சைபுல்லா. "ஒரு காலத்துல இதெல்லாம் கடலா கெடந்த எடம். பள்ளிக்கூடப் புள்ளைக்கே தெரியும். காலேஜுல பாறையப் பத்திப் பாடம் நடத்துன சார் ஒருத்தர் இருக்காரு. அவரக் கூட்டியாரேன். இன்ஷா அல்லா, ஒரே நாள்ல மேட்டர் முடிஞ்சிரும்."

பேராசிரியர் வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இந்தக் கிளிஞ்சல் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்ததல்ல, கல் உருவானபோதே உள்ளே இருந்தது, வயது ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டு என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். தர்மன் சைபுல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டான். இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. ஆற்றைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"ஆக, கோட்டையின் தொன்மை பத்துக் கோடி ஆண்டு."

"சார், அப்ப பூமியில மனுஷனே கிடையாது," என்றார் பேராசிரியர்.

"அதனால்தான் ஒருமுறைகூட வீழவில்லை," என்றார் இயக்குநர். "எழுதிக்கொள்ளம்மா."

நீலப் பலகையில் வருஷத்தைத் திருத்தினார்கள். பேராசிரியருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைக் கழற்றி டிராக்டரில் வைத்துவிட்டு, வழி நெடுகத் தலையில் அடித்துக்கொண்டே போனார். இயக்குநர் அந்த வாரத்திலேயே, வீழாத கோட்டை என்பதை மையமாக வைத்து நானூறு பக்கத்தில் ஒரு நூலும் வெளியிட்டுவிட்டார்.

சித்திரைக் கடைசியில் இயக்ககம் இன்னொரு நல்ல காரியம் செய்தது. சுடுதுளைகளில் தூசி படிகிறது என்று ஒவ்வொரு துளைக்கும் கண்ணாடி போட்டது. எண்பத்து நான்கு துளை, எண்பத்து நான்கு கண்ணாடி. திறப்பு விழாவுக்கு இயக்குநர் பேசினார்.

"பதினோரு ஆண்டுகளில் நாற்பத்தொரு கோட்டைகளைக் கண்டுபிடித்திருக்கிறேன். கண்டுபிடித்தபோது அவற்றில் முப்பத்தொன்றில் மக்கள் இருந்தார்கள். நெல் காயவைத்தார்கள், மாடு கட்டினார்கள், ஒன்றில் அங்கன்வாடியே நடந்தது. இன்று ஒன்றில்கூட ஒரு உயிர் கிடையாது. மக்கள் புழங்கினால் வரலாறு தேய்ந்துவிடும். நாங்கள் வந்தபிறகு ஒரு கோட்டையும் தேயவில்லை."

கூட்டம் கலைந்த பிறகு மலர்க்கொடி ஒரு கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தது. காற்றில்லாமல் வெங்காயம் வேர்க்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓரத்துக் குவியலில் கறுப்பு பூக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படியே கிடந்தால் விதைக்கு ஒரு காய் மிஞ்சாது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நெடி துளிகூட வெளியே வரவில்லை, கண்ணாடி அவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருந்தார்கள். அவள் அழுதது வெறும் அழுகைதான். மண்வெட்டியை எடுத்துச் சங்கிலியை உடைத்துவிடலாம் என்று தர்மனுக்குத் தோன்றியது. உடைத்தால் ஜெயில் என்று பலகையில் எழுதியிருந்தது.

ஜீப்பில் ஏறப்போன தமிழ்மொழி திரும்பி வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மலர்க்கொடி பக்கத்தில் குந்தினாள்.

"எங்க வூட்லயும் பட்டற இருக்குக்கா. எனக்குத் தெரியாதா?" என்றாள் மெதுவாக. "ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சாரு நூல் போட்டுட்டாரு. கோட்டை வீழ்ந்ததே இல்லன்னு அதுல நூத்தி இருவது எடத்துல இருக்கு, நான்தான் டைப் அடிச்சேன். அதனால உள்ளேருந்து என்ன போனாலும், போச்சுன்னு இனிமே அவரால எழுத முடியாதுக்கா."

மலர்க்கொடி மூக்கைச் சிந்தினாள். "போறதுக்குக் கதவு தொறக்கணுமேடி."

"வைகாசில வெற்றி விழா இருக்கு," என்றாள் தமிழ்மொழி. "அன்னைக்குத் தொறப்பாங்க."

பத்து நாளில் தர்மனுக்குப் பதிவுத் தபால் ஒன்று வந்தது. 'முற்றுகை மனு எண் 1-இன் மனுதாரர், வைகாசி இருபத்திரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, தோற்கடிக்கப்படும் பொருட்டுத் தமது படையுடன் நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் தோல்வி ஒருதலைப்பட்சமாக முடிவு செய்யப்படும்.' தர்மன் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மலர்க்கொடி அதை வாங்கிப் படித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

"படையோடன்னுதான போட்டிருக்கு? எத்தன பேருன்னு போடலல்ல?"

விழா நாளில் சென்னையிலிருந்து ஒரு மேலதிகாரி வந்திருந்தார். அவருக்குப் பந்தல், மின்விசிறி, இளநீர். காப்போர் தரப்பில் இயக்ககத்தின் காவலாளிகள் எட்டுப் பேர் ஒல்லாந்துச் சிப்பாய்களாக நின்றார்கள். கம்பளிச் சட்டை, இறகு வைத்த தொப்பி, ஒட்டுத்தாடி. வெயிலில் தாடிப் பசை உருகிக் கழுத்துக்கு வந்துகொண்டிருந்தது. நல்லதம்பி பொன்னாடையோடு வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்தார்.

எதிரி ஆற்று வழியாக வர வேண்டும் என்பது திட்டம். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் சைபுல்லாவின் டிராக்டர்தான் கப்பல். முகப்பில் அட்டையில் செய்த பாய்மரம் கட்டியிருந்தான். மணலில் உறுமிக்கொண்டு அது வளைவு திரும்பியபோது, டிரெய்லரில் தர்மனும், மலர்க்கொடியும், பச்சையம்மாள், சின்னம்மாள் முதலான நாற்பது பெண்களும் நின்றிருந்தார்கள். எல்லாரும் தினமும் வெங்காயத்தில் வேலை செய்கிறவர்கள். ஆளுக்கொரு கூடை. நாடகத்தைத் தட்டச்சு செய்தபோது, 'உணவுக் கையிருப்பின்மேல் பேராசை கொண்ட எதிரிகள் வெறுங்கூடைகளுடன் பாய்ந்து வருகின்றனர்' என்ற வரியைத் தமிழ்மொழி தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்திருந்தாள். இயக்குநருக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போய், பக்கத்தில் 'அருமை' என்று எழுதியிருந்தார்.

இயக்குநர் ஒலிபெருக்கியை எடுத்தார். அரக்கை உடைத்தார், சங்கிலியை அவிழ்த்தார், கதவை அகலத் திறந்தார். வீரர்கள் உள்ளே போய், அங்கிருந்து வெளியே பாய்ந்து வந்து மூன்று முறை சுட வேண்டும். எதிரி மூன்றாவது வேட்டில் விழ வேண்டும். முதல் வேட்டுக்கு அணுகுண்டுப் பட்டாசு வெடித்தார்கள். அதற்குள் பெண்கள் மேட்டில் ஏறிவிட்டார்கள். இரண்டாவது வேட்டுக்குள் பாதிப் பேர் கோட்டைக்குள் இருந்தார்கள். மூன்றாவது வேட்டை வெடிக்க வேண்டிய சிப்பாய், ஒரு மாதம் அடைத்துக் கிடந்த வெங்காய நெடி முகத்தில் அடித்ததும் திரியை விட்டுவிட்டுத் தேம்பித்தேம்பி அழுதான். எட்டு ஒல்லாந்தர்களும் தாடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலைக்கு ஒருவராக நின்றார்கள்.

"விழுங்க! விழுங்கம்மா! மூணு வேட்டு முடிஞ்சாச்சு, எல்லாரும் விழணும்!" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்தினார். பதற்றத்தில் அவருக்கே பேச்சுத் தமிழ் வந்துவிட்டது.

"செத்த இருங்க சார், கை வேலையா இருக்கு," என்றாள் மலர்க்கொடி உள்ளேயிருந்து.

கைமாற்றிக் கைமாற்றிக் கூடைகள் போய்க்கொண்டே இருந்தன. தர்மன் வாசலில் நின்று வாங்கி, மேடேறி வந்திருந்த டிரெய்லரில் கொட்டினான். நல்லதம்பிக்கு ஒரு கட்டத்துக்கு மேல் கை பரபரத்தது. பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, பொன்னாடையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, அவரும் வரிசையில் நின்று கூடை மாற்றினார். இருபது நிமிஷத்தில் தரை தெரிந்தது. டிராக்டர் புழுதி பறக்க ஆற்றில் இறங்கியது. பெண்கள் குலவையிட்டுக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

மேலதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். "பிரமாதம்! என்ன தத்ரூபம்! ஆமாம், இதில் ஜெயித்தது யார்?"

இயக்குநர் காலியான கோட்டையைப் பார்த்தார். கக்கத்திலிருந்த நானூறு பக்க நூலைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார்.

"கோட்டைதான் வென்றது ஐயா," என்றார். "அதோ பாருங்கள், எதிரி புறமுதுகிட்டு ஓடுகிறான்."

முப்பது மூட்டையில் அழுகல் போக இருபத்திரண்டு மூட்டை தேறியது. அதை இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு, தர்மனும் மலர்க்கொடியும் வைகாசி முடிவதற்குள் ஒன்றரை ஏக்கரில் நட்டுவிட்டார்கள். யாரும் வந்து கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. கோட்டை வீழவில்லை, எனவே எதுவும் கொள்ளை போகவில்லை. மாதாமாதம் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் தமிழ்மொழி பதிவேட்டில் 'உணவுக் கையிருப்பு முப்பது மூட்டை, குறைவில்லை' என்று எழுதினாள். இயக்குநர் கீழே கையெழுத்துப் போட்டார். வெற்றுத் தரையைக் காக்க இரண்டு காவலாளிகளை நிரந்தரமாகப் போட்டார்கள்.

நட்டது நன்றாக விளைந்தது. ஆவணியில் அறுத்துக் குவித்தபோது, நாற்பது மூட்டையை விலை வரும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று மலர்க்கொடி ஒதுக்கினாள். வைக்க இடம்தான் இல்லை. மூங்கில் வாங்கிப் புதுப் பட்டறை போடுவதற்குள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு, ஆய்வுக்கு வந்திருந்த இயக்குநரிடம் இருவரும் ஓடினார்கள்.

"சார், உள்ள காலியாத்தான கெடக்குது," என்றான் தர்மன். "ரெண்டு மாசம் வச்சிக்கிறோம் சார். மழ வந்தா மொத்தமும் போயிரும்."

இயக்குநர் பதிவேட்டைப் புரட்டினார். உண்மையாகவே வருந்தினார்.

"இடமில்லையேப்பா. ஏற்கெனவே முப்பது மூட்டை உள்ளே இருக்கிறது. நாற்பது மூட்டை எப்படிக் கொள்ளும்?"

"கதவு தொறந்துதான இருக்கு. பாருங்க சார், வெறுந்தரை!"

"கண் தவறலாம். பதிவேடு தவறக் கூடாது." அவர் திறந்திருந்த கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். "அதுமட்டுமல்ல. இயக்ககத்துக் கோட்டையில் ஒரு விவசாயி வெங்காயம் வைப்பதற்கு விதியே கிடையாது."

மேற்கே இடி உருண்டது. மலர்க்கொடி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சரிங்க சார், விவசாயி வைக்கக் கூடாது. எதிரி தோத்து ஓடுறப்ப கையில இருக்கறதப் போட்டுட்டு ஓடுனா, அது யாரோடது?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "போர்ப்பொருள். கோட்டைக்குச் சொந்தம். உள்ளே வைத்தே தீர வேண்டும். அதற்கு இட அளவு விதி பொருந்தாது."

"அப்ப இன்னொரு வெற்றி விழா வைங்க. நாங்க மூட்டையோட வந்து தோக்குறோம். மூட்டையப் போட்டுட்டு ஓடிப்போறோம். இந்தத் தடவ மூணு வேட்டுக்கும் ஒழுங்கா விழுறோம் சார், சத்தியமா. ஆனா அந்தக் கண்ணாடியெல்லாம் கழட்டிடுங்க. கண்ணாடி போட்டிருந்தா ஒங்க ஆளு எப்படிச் சுடுவான்?"

"நியாயம்," என்றார் இயக்குநர்.

"அப்புறம் விலை வர்றப்ப, கார்த்திகையில இன்னொரு தடவ கூடையோட வந்து தோத்துக்கிறோம். வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ தோக்கச் சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம்தான்."

ஒரே கோட்டை, ஒரே ஆண்டில், மூன்று வெற்றி. வேறெந்த இயக்ககத்துக்கும் இப்படி ஒன்று வாய்த்ததில்லை. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த நூலின் அட்டையைப் பார்த்தார். தமிழ்மொழி சொல்லாமலேயே எழுதிக்கொண்டிருந்தாள்.

"எந்த நாள் வைத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டார்.

மலர்க்கொடி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது.

"இன்னைக்கே சார்," என்றாள். "இன்னும் அரை மணி நேரத்துல தோத்துடுறோம்."